எம் என்னும் தாய்வழிக் கிளை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம் ஹாப்லோகுழு என்றால் என்ன?

நம் செல்களில் உட்கருவுக்கு வெளியே மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. அவற்றுக்கென்று தனியாக, வளைய வடிவில் ஒரு சிறிய டிஎன்ஏ உண்டு. நீளம் 16,569 எழுத்து, அதில் 37 மரபணுக்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு இது அப்படியே படியெடுக்கப்பட்டு வருகிறது. ஓலைச்சுவடியைப் படியெடுப்பவர் ஓரிடத்தில் எழுத்தை மாற்றி எழுதிவிட்டால், அந்த ஏட்டைப் பார்த்து எழுதிய எல்லா ஏடுகளிலும் அதே பாடபேதம் தொடரும். எந்த ஏடு எதிலிருந்து வந்தது என்று பதிப்பாசிரியர்கள் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். இங்கும் அதே வேலைதான் நடக்கிறது. ஒரே பாடபேதங்களைச் சுமப்பவர்கள் ஒரே தாயின் வழி வந்தவர்கள். அந்தக் கூட்டத்துக்கு ஹாப்லோகுழு என்று பெயர்.

ஆப்பிரிக்காவில் தோன்றிய எல்3 என்ற கிளையின் மகள்களில் இருவர்: எம், 'என்'. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் பழங்குடிகள் முதல் பெருநகரவாசிகள் வரை ஏறக்குறைய எல்லோருடைய தாய்வழியும் இந்த இரண்டில் ஒன்றுக்குள் அடங்கிவிடும். (மேற்கோள் குறிக்குள் 'என்' என்று வந்தால் அது ஆங்கில எழுத்தின் பெயர். 'என்னுடைய' என்று படித்துவிட வேண்டாம். தமிழில் இந்தத் துறையைப் பற்றி எழுதுவதில் உள்ள நிரந்தரத் தொல்லை இது.) ஆர், யு, எச் எல்லாம் 'என்' வழிப் பேத்திகள்.

அப்பாவிடமிருந்து எதுவுமே வராதா?

வராது என்றே வைத்துக்கொள்ளலாம். விந்தணுவில் மைட்டோகாண்ட்ரியா கொஞ்சம் உண்டு. ஆனால் கருமுட்டைக்குள் நுழைந்ததும் அவை அடையாளமிட்டு அழிக்கப்பட்டுவிடும். தந்தைவழியாகவும் வந்ததாக ஒரு மனிதரின் தசையில் 2002-இல் காட்டினார்கள். 2018-இல் வேறு சில குடும்பங்களைப் பற்றியும் அப்படி ஓர் அறிக்கை வந்தது. உட்கருவின் டிஎன்ஏவுக்குள் ஒட்டிக்கிடக்கும் பழைய மைட்டோகாண்ட்ரியா துண்டுகளைத் தவறாகப் படித்திருக்கலாம் என்று அதற்கு மறுப்பும் எழுந்தது. உங்கள் கிளையைத் தெரிந்துகொள்ள இதெல்லாம் குறுக்கே வராது. ஆணுக்கும் இந்த டிஎன்ஏ உண்டு, சோதிக்கலாம். அவர் பிள்ளைகளுக்குத்தான் அது போகாது.

சோதனை முடிவில் எண்களும் எழுத்துகளுமாக ஒரு பட்டியல் வந்திருக்கிறது. எப்படிப் படிப்பது?

பட்டியல் உங்கள் டிஎன்ஏ முழுவதும் அல்ல. கேம்பிரிட்ஜில் 1981-இல் படிக்கப்பட்டு, 1999-இல் திருத்தப்பட்ட ஒரு மாதிரியிலிருந்து நீங்கள் எங்கெங்கே வேறுபடுகிறீர்கள் என்பது மட்டுமே அதில் இருக்கும். அந்த மாதிரி ஐரோப்பாவில் பெருவாரியாக உள்ள எச் கிளையைச் சேர்ந்தது. அதனால் பட்டியலில் பாதி, உங்களைப் பற்றியதே இல்லை. அந்த மாதிரியின் தனித்தன்மை.

எண் என்பது வளையத்தில் உள்ள இடம்; பின்னால் வரும் ஏ, சி, ஜி, டி அந்த இடத்தில் உங்களிடம் உள்ள டிஎன்ஏ எழுத்து, கிளைப் பெயர் அல்ல. எண்ணில் புள்ளி இருந்தால் (309.1சி போல) அங்கே கூடுதலாக ஓர் எழுத்து நுழைந்திருக்கிறது. எம் கிளைக்காரர் ஒருவரின் பட்டியலைத் தொகுதி தொகுதியாகப் பிரித்தால் இப்படி இருக்கும். 263ஜி, 750ஜி, 1438ஜி, 4769ஜி, 8860ஜி, 15326ஜி: உலகில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வருபவை, தள்ளிவிடுங்கள். 2706ஜி, 7028டி: நீங்கள் எச் இல்லை என்று சொல்கின்றன. 73ஜி, 11719ஏ, 14766டி: எச்சின் நெருங்கிய உறவுக் கிளைகளும் இல்லை. 12705டி, 16223டி: ஆர் இல்லை. 8701ஜி, 9540சி, 10398ஜி, 10873சி, 15301ஏ: 'என்' இல்லை. கடைசியாக 489சி, 10400டி, 14783சி, 15043ஏ. இந்த நான்கும்தான் எம் கிளையின் முத்திரை. இவற்றையெல்லாம் எடுத்த பிறகு மிஞ்சுபவைதான் உங்கள் உட்கிளையைக் காட்டும் எழுத்துகள். கவனம் அங்கே இருக்கட்டும்.

மிஞ்சுபவற்றிலும் சிலவற்றை நம்பக்கூடாது. 309.1சி, 315.1சி, 16182சி, 16183சி, 16193.1சி, 16519 ஆகியவை வெவ்வேறு கிளைகளில் திரும்பத் திரும்பத் தாமாகவே தோன்றுபவை. ஃபைலோட்ரீ என்ற உலகளாவிய மரம் (கடைசிப் பதிப்பு 17, 2016) இவற்றைக் கிளை பிரிக்கப் பயன்படுத்துவதே இல்லை. இன்னொருவருக்கும் 16519 இருக்கிறது, ஆகவே உறவு என்று முடிவு கட்டுவது, இருவருக்கும் சுருட்டை முடி இருக்கிறது என்பதற்குச் சமம்.

எம் எப்போது, எங்கே தோன்றியது?

எல்3-க்கு வயது சுமார் 70,000 ஆண்டு. எம் அதற்குப் பின், ஏறத்தாழ 50,000 முதல் 60,000 ஆண்டுகளுக்கு முன். பழைய எலும்புகளின் கார்பன் தேதியை வைத்து அளவிட்ட 2016-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, எம்மும் 'என்'னும் பரவத் தொடங்கியது 55,000 ஆண்டுகளுக்குள்தான் என்றது.

இடம் எது என்பதில் சண்டை ஓயவில்லை. அரேபியாவா, பாரசீக வளைகுடாவா, தெற்காசியாவா? எங்கள் சாய்வு தெற்காசியாவின் பக்கம். காரணம், எம் வேரிலிருந்து நேரடியாகக் கிளைத்த மிகப் பழைய கிளைகள் இந்தியாவில் குவிந்து கிடக்கின்றன: எம்2, எம்3, எம்4, எம்5, எம்6 என்று தொடங்கி எம்30-களையும் தாண்டிப் போகும் பட்டியல். மேற்காசியாவில் பழைய எம் கிளை அநேகமாக இல்லை. ஆனால் இந்த வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. கிழக்காசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும்கூட வேரிலிருந்து நேராகக் கிளைத்த எம் கிளைகள் இருக்கின்றன. ஓரிடத்தில் ஆற அமர வளர்ந்து பிறகு பரவிய மரம் இப்படி இருக்காது. சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் கடலோரமாக விறுவிறுவென்று நடந்து, போகும் வழியெல்லாம் ஆளை விட்டுச்சென்ற கூட்டத்தின் மரம்தான் இப்படி நட்சத்திரம்போல் விரியும். மலேசியாவின் ஓராங் அஸ்லி மக்களின் முழு மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் படித்து 2005-இல் வெளிவந்த ஆய்வு சொன்னதும் இதைத்தான்.

74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் டோபா எரிமலை வெடித்தது. அப்போதே இந்தியாவில் எம் கிளை மக்கள் இருந்தார்களா? ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் (2022 வரை கர்னூல் மாவட்டம்) டோபா சாம்பல் அடுக்குக்குக் கீழும் மேலும் கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. யாரோ இருந்தார்கள். அவர்களின் தாய்வழி இன்றைய எம் என்று சொல்ல டிஎன்ஏ கணக்கு இடம் தரவில்லை.

அந்த வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

இன்று வாழும் பலரை எடுத்து, கிளையின் வேரிலிருந்து ஒவ்வொருவரும் எத்தனை எழுத்து மாறியிருக்கிறார்கள் என்று எண்ணிச் சராசரி பார்ப்பார்கள். 2009-இல் வெளியான, இன்றும் புழக்கத்தில் உள்ள அளவு: வளையம் முழுவதற்கும் 3,624 ஆண்டுக்கு ஒரு மாற்றம். சராசரி 20 மாற்றம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 72,480. பார்த்தீர்களா, டோபாவை எட்டிவிட்டோம்! இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். உடலுக்குச் சிறு கெடுதல் செய்யும் மாற்றங்கள் சில தலைமுறைகள் தாக்குப்பிடித்துவிட்டுப் பிறகு அழிந்துபோகும். ஆகவே அண்மைக் காலத்துக் கிளைகளில் மாற்றங்கள் கூடுதலாகத் தெரியும். கடிகாரம் ஒரே சீராக ஓடுவதில்லை. அந்த ஆய்வே இதற்கான திருத்தச் சூத்திரத்தையும் கொடுத்திருக்கிறது. அதில் போட்டால் அதே 20 மாற்றத்துக்குக் கிடைப்பது சுமார் 59,000 ஆண்டு. இணையத்தில் 70,000 என்று அடித்துச் சொல்லும் கட்டுரையைப் பார்த்தால், எழுதியவர் பெருக்கலோடு நிறுத்திக்கொண்டாரா என்று முதலில் பாருங்கள்.

பழைய சோதனைகள் வளையத்தில் ஒரு சிறு பகுதியை மட்டும் படித்தன. அந்தப் பகுதிக்கு (16090 முதல் 16365 வரை) 20,180 ஆண்டுக்கு ஒரு மாற்றம் என்ற வேறு அளவு. இரண்டையும் கலக்கக்கூடாது.

எத்தியோப்பியாவிலும் எம் இருக்கிறதே? அப்படியானால் ஆப்பிரிக்காவில்தானே பிறந்திருக்க வேண்டும்?

1999-இல் அப்படித்தான் நினைத்தார்கள். ஆப்பிரிக்காவில் உள்ளது எம்1 என்ற ஒரே கிளை. அதன் வயதும் எம்மின் வயதில் ஏறக்குறையப் பாதிதான். தாய்வீடு ஆப்பிரிக்கா என்றால் எம்1-க்கு மூத்த அக்காமார் அங்கே இருந்திருக்க வேண்டும். யாரும் இல்லை. ஆசியப் பக்கத்திலிருந்து திரும்பிப் போனவர்களின் கிளை இது என்று 2006-இல் விளக்கம் வந்தது. யு6 கிளையும் கூடவே போயிருக்கிறது. மொராக்கோவின் தஃபோரால்ட் குகையில் கிடைத்த சுமார் 15,000 ஆண்டுப் பழமையான ஏழு பேரில் ஆறு பேர் யு6ஏ, ஒருவர் எம்1பி.

கிழக்கே எதுவரை போயிற்று?

நிலம் தீரும்வரை, அதற்குப் பிறகும். சி, டி, ஈ, ஜி, க்யூ, இசட் என்று தனி எழுத்தில் அழைக்கப்படுபவை எல்லாம் எம்மின் உட்கிளைகளே. மகளுக்கு முதலில் பெயர் வைத்துவிட்டுத் தாய்க்குப் பிறகு வைத்ததால் வந்த குழப்பம் இது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பழங்குடிகளின் கிளைகளுக்கு ஏ, பி, சி, டி என்று வரிசையாகப் பெயர் கொடுத்தார்கள். சியும் டியும் எம்முக்குள் அடங்கும் என்ற படம் அதன் பிறகே தெளிந்தது. அப்போதெல்லாம் முழுதாகப் படிக்க வசதி இல்லை. 10394, 10397 ஆகிய இரண்டு இடங்களில் வெட்டு நொதிகள் வெட்டுகின்றனவா என்று பார்ப்பார்கள்; இரண்டிலும் வெட்டினால் எம்.

ஜப்பானில் மிகுதியாக இருப்பது டி4. அமெரிக்காவின் மொண்டானாவில் புதைக்கப்பட்ட, சுமார் 12,600 ஆண்டுப் பழமையான ஆன்சிக் குழந்தையின் தாய்வழி டி4எச்3ஏ. நியூ கினியாவில் க்யூ. ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடம் எம்42.

இந்த எம்42 விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்தியாவின் 26 பழங்குடிகளைச் சேர்ந்த 966 பேரைப் படித்த 2009-ஆம் ஆண்டு ஆய்வில், ஏழு பேர் ஆஸ்திரேலியாவின் எம்42-உடன் இரண்டு மாற்றங்களைப் (8251, 9156) பகிர்வது தெரிந்தது. உடனே 'தமிழர்கள்தான் ஆஸ்திரேலியப் பழங்குடிகள்' என்றும், குமரிக்கண்டத்துக்குச் சான்று என்றும் பகிர்வுகள் கிளம்பின. அந்த இரண்டு எழுத்துகளும் சொல்வது, சுமார் 55,000 ஆண்டுகளுக்கு முன் இருவருக்கும் பொதுவான ஒரு பாட்டி இருந்தாள் என்பதை மட்டுமே. அப்போது தமிழும் இல்லை, வேறு இன்றைய மொழி எதுவும் இல்லை. அந்த ஏழு பேரும் நடு இந்தியப் பகுதியின் திராவிட, ஆஸ்ட்ரோ ஆசிய மொழி பேசும் பழங்குடிகள்.

ஐரோப்பாவில் எம் இல்லையா?

இன்று பழைய எம் கிளை அங்கே இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. பெல்ஜியத்தின் கோயே குகையில் இருவர், பிரான்சின் லா ரோஷெட்டில் ஒருவர் என மூன்று பழைய எலும்புகளில் எம் கிடைத்தது 2016-இல் வெளியானது. கடும் பனிக்காலத்தின் உச்சத்துக்கு முந்தியவர்கள். அந்தப் பனியில் அங்கிருந்த எம் கிளை அற்றுப்போயிருக்கிறது. இன்று ஒரு கிளை இல்லாத இடத்தில் அது என்றுமே இருந்ததில்லை என்று வாதிடுபவர்களுக்கு இந்த மூன்று எலும்புகள் போதும்.

அந்தமான் மக்கள்?

எம்31, எம்32. ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வு இவற்றை அடையாளம் காட்டியது. எம்31-இன் உறவுக் கிளை ஒன்று அடுத்த ஆண்டே மேற்கு வங்கத்தின் ராஜ்பன்ஷி மக்களிடம் கிடைத்தது. ஆக முழுக்கத் தனித்தீவுச் சொத்து என்று சொல்ல முடியாமல் போயிற்று. நிக்கோபார் வேறு கதை. அங்கே உள்ளவை தென்கிழக்காசியக் கிளைகள், பெரும்பாலும் பி5ஏ, எஃப்1ஏ.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் எம் எவ்வளவு?

இந்தியா முழுக்கப் பார்த்தால் பத்தில் ஆறு பேர் எம். தெற்கிலும் பழங்குடிகளிடமும் இன்னும் கூடுதல். இந்தியக் கிளைகளில் மிகப் பழையதாகக் கருதப்படும் எம்2 தென்னிந்தியாவிலும், திராவிட, ஆஸ்ட்ரோ ஆசிய மொழி பேசும் பழங்குடிகளிடமும் அடர்த்தி. எம் இல்லாத தமிழருக்குப் பெரும்பாலும் ஆர் (ஆர்5, ஆர்6, ஆர்30 போன்றவை) அல்லது யு2 வரும். இவையும் இந்த மண்ணில் பல்லாயிரம் ஆண்டு ஊறியவைதான். எம் வராததால் 'வந்தேறி' ஆகிவிட மாட்டீர்கள். இலங்கை வேடர்களே இதற்கு நல்ல சாட்சி. தீவின் ஆதிகுடிகள் என்று அறியப்படும் அவர்களிடம் எம் குறைவு. ஆர், யு மிகுதி என்று 2014-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

மதுரைப் பக்கம் ஒரு கிராமத்தில் கண்டுபிடித்த எம்130 இதுதானா?

இல்லை. வாரம் ஒருமுறையாவது வரும் கேள்வி. எம்130 என்பது ஒய் குரோமோசோமில் உள்ள ஒரு குறி. அப்பாவழி சி கிளையைக் காட்டுவது. அங்கே 'எம்' என்பது ஆங்கிலத்தில் குறி, அடையாளம் என்பதற்கான சொல்லின் முதலெழுத்து. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஆர். எம். பிச்சப்பன், அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸ் ஆகியோரின் வேலையால் அது புகழ்பெற்றது. தாய்வழி எம்முக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒட்டுறவு இல்லை. அப்பாவழி சி, தாய்வழி சி என்று இன்னொரு இரட்டைப் பெயரும் இருக்கிறது, அதிலும் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

என் கிளையை வைத்துச் சாதி, மொழி சொல்ல முடியுமா?

முடியாது. எம்2-இன் வயது பல பத்தாயிரம் ஆண்டு. சாதிகளுக்குள் மட்டும் மணம் முடிக்கும் வழக்கம் இறுகி இரண்டாயிரம் ஆண்டு அளவில்தான் ஆகிறது. ஒரே உட்கிளை பிராமணரிடமும் தலித்திடமும் பழங்குடியிடமும் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாய்வழி டிஎன்ஏவை மட்டும் பார்த்தால், இந்தியாவுக்குள் வெண்கலக் காலத்தில் யாரும் பெரிதாக வரவில்லை என்று தோன்றும். அப்பாவழியில் ஆர்1ஏ கிளையைப் பார்த்தால் நேர்மாறாகத் தோன்றும். இரண்டும் சரிதான்: வந்தவர்களில் ஆண்கள் மிகுதி என்று 2017-இல் வந்த ஆய்வு இரண்டையும் சேர்த்து விளக்கியது. தொலைக்காட்சி விவாதத்தில் ஒரு தரப்பு முதல் பாதியையும் மறுதரப்பு இரண்டாம் பாதியையும் கையில் வைத்துக்கொண்டு கத்துவார்கள்.

தவிர, பத்துத் தலைமுறை பின்னே போனால் உங்களுக்கு 1,024 முன்னோர் இடங்கள். தாய்வழி டிஎன்ஏ அதில் ஒரே ஒரு பெண்ணைப் பற்றியது.

பழைய எலும்புகளில் எம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாமே?

வெயிலும் ஈரமும் டிஎன்ஏவைத் தின்றுவிடும். ஹரியானாவின் சிந்துவெளி நகரான ராக்கிகடியில் 61 மாதிரிகளைச் சோதித்ததில் ஒரே ஒரு பெண்ணிடமிருந்துதான் பயன்படும் அளவுக்குக் கிடைத்தது. 2019-இல் வெளியான அந்த முடிவில் அவள் தாய்வழி யு2பி2. தாழியிலிருந்து எடுக்கும் எலும்பில் கெட்டியான காதெலும்புப் பகுதிதான் முதல் தேர்வு.

கிடைத்தாலும் ஒரு பொறி காத்திருக்கிறது. தோண்டுபவர் வெறுங்கையால் தொட்டால் அவருடைய டிஎன்ஏ எலும்பில் ஏறிவிடும். தமிழ்நாட்டில் தோண்டுபவர்களில் பாதிக்கு மேல் எம்! ஆகவே 'எம் கிடைத்தது' என்ற முடிவு மண்ணுக்குள் இருந்தவரையும் காட்டலாம், மண்வெட்டி பிடித்தவரையும் காட்டலாம். பழைய டிஎன்ஏ என்றால் துண்டுகள் 100 எழுத்துக்கும் குறைவாகச் சிதைந்திருக்கும். துண்டுகளின் முனைகளில் சி எழுத்து டி-யாக மாறியிருக்கும். இந்தச் சிதைவுக் கணக்கை வெளியிடாத அறிக்கையை நம்பத் தேவையில்லை.

எந்தச் சோதனை எடுப்பது? மாதிரியை எப்படி எடுப்பது?

உட்கிளை வேண்டுமென்றால் வளையம் முழுவதையும் படிக்கும் சோதனை. ஃபேமிலிட்ரீடிஎன்ஏ போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. பலரும் எடுத்திருந்த நேஷனல் ஜியோகிராஃபிக்கின் ஜீனோகிராஃபிக் திட்டம் 2019-இல் விற்பனையை நிறுத்திவிட்டது.

உண்டு, குடித்து, வெற்றிலை போட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். குச்சியின் பஞ்சுமுனையால் கன்னத்தின் உட்புறத்தை 30 முதல் 60 விநாடி அழுத்தித் தேயுங்கள். தயங்கித் தடவினால் எச்சில்தான் வரும், செல் வராது; மாதிரி தோற்பதற்கு முதல் காரணம் இதுதான். கொடுத்த குப்பியில் திரவம் இருந்தால் அதில் போட்டு மூடுங்கள். வெறும் குச்சி என்றால் நிழலில் காயவைத்துக் காகித உறையில் போட வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு அடைத்தால் நம் ஊர் வெயிலில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். பால்குடிக் குழந்தையின் வாயில் தாயின் செல் கலந்திருக்குமே என்று கேட்பார்கள். இந்தச் சோதனைக்கு மட்டும் கவலையில்லை, தாய்க்கும் பிள்ளைக்கும் விடை ஒன்றே.

முடிவில் வெறும் 'எம்' என்று மட்டும் வந்திருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. மலிவான சோதனைகள் முன்கூட்டியே தேர்ந்தெடுத்த சில இடங்களை மட்டும் பார்க்கும். அந்தப் பட்டியலில் ஐரோப்பியக் கிளைகளைப் பிரிக்கும் இடங்கள் தாராளம், இந்தியக் கிளைகளுக்கு உரியவை சொற்பம். மூல தரவைப் பதிவிறக்கி ஹாப்ளோகிரெப் என்ற இலவசக் கருவியில் ஏற்றிப் பாருங்கள்; சில நேரம் எம்30, எம்5 என்று இறங்கும். அதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். சில கோப்புகள் 16,571 எழுத்து கொண்ட பழைய மாதிரியை அடிப்படையாக வைத்து எண்ணப்பட்டிருக்கும். அதில் இடங்கள் ஒன்றிரண்டு தள்ளிப்போகும்; 10400-க்குப் பக்கத்து எண்ணில் மாற்றம் இருப்பதுபோல் தெரிந்தால் இதுதான் காரணம். கருவி ஏதோ ஒரு கிளையைச் சொல்லும், அது முழுத் தவறாக இருக்கும்.

ஒருவருடன் எனக்கு முழுப் பொருத்தம் காட்டுகிறது. சொந்தமா?

எதைப் படித்தார்கள் என்பதைப் பொறுத்தது. சிறு பகுதி மட்டும் என்றால், பொதுப் பாட்டி 52 தலைமுறைக்குள் இருக்க 50 விழுக்காடு வாய்ப்பு. அதாவது 1,300 ஆண்டு. வளையம் முழுதும் ஒத்தால் அதே 50 விழுக்காட்டுக்கு 5 தலைமுறை, 95 விழுக்காட்டுக்கு 22 தலைமுறை. கல்யாணப் பத்திரிகை அனுப்பும் அளவுக்கு இது நெருக்கமில்லை.

முழுச் சோதனையில் நோய் பற்றியும் தெரியுமா?

எம் கிளையில் இருப்பது நோய் இல்லை. ஆனால் முழு வளையத்தையும் படிக்கும்போது நோயோடு தொடர்புள்ள சில இடங்களும் கண்ணில் படும். 11778 மாற்றம் இளவயதில் பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடியது. 1555-இல் ஏ என்பது ஜி ஆகியிருந்தால், ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் வகை ஊசிகளால் காது நிரந்தரமாகக் கேட்காமல் போகலாம். முழுக் கோப்பையும் பொதுத்தளத்தில் ஏற்றுமுன் இந்த இரண்டு இடங்களையாவது பார்த்துவிடுங்கள். 1555ஜி தென்பட்டால் மருத்துவ ஆய்வகம் ஒன்றில் உறுதிசெய்துகொண்டு, அம்மா, உடன்பிறந்தோர், பெரியம்மா, சித்தி, அவர்கள் பிள்ளைகள், அம்மாச்சி வழி மாமா என்று தாய்வழியில் உள்ள எல்லோருக்கும் சொல்ல வேண்டும். அவர்களும் ஊசி போடுமுன் மருத்துவரிடம் இதைச் சொல்லட்டும். அப்பாவழிச் சொந்தங்களுக்குச் சொல்லிப் பதறவைக்கத் தேவையில்லை.